பேராசிரியரின் மனு

குற்ற வழக்கு என்றால் இரண்டு தரப்பு. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். இருவரும் விட்டுக்கொடுக்காமல் மோதுவார்கள், அந்த மோதலில் உண்மை வெளியே வரும் என்ற நம்பிக்கையில்தான் நம் நடைமுறைச் சட்டம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. சாட்சியைக் கூண்டில் ஏற்றி விவரத்தைச் சொல்லவைப்பது அரசு வழக்கறிஞரின் வேலை. அதே சாட்சியைக் குடைந்து ஓட்டை காண்பது எதிர்த்தரப்பின் வேலை. குற்றம் சாட்டப்பட்டவரே அரசுக்குத் தலைமை ஏற்றுவிட்டால் இந்த ஏற்பாடு நின்றுபோகும். குற்றம் சாட்டுபவரும் மறுப்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்ட பிறகு, விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்று முறையிட வேண்டியவர் யார்? 2003-ல் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன இரண்டு இடமாற்ற மனுக்கள் எழுப்பிய கேள்வி அதுதான். மனுதாரர் க. அன்பழகன், பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், அப்போது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்.

அந்த வழக்கில் நான் யாருக்கும் வக்காலத்து போட்டவன் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் குற்றவியல் பக்கம் தொழில் செய்கிறவன் என்ற முறையில், பக்கத்தில் இருந்து பார்த்தவன். அன்பழகனின் பெயரைத் தலைப்பில் தாங்கிய தீர்ப்புகள் பல உண்டு. ஒன்றில் அவர் தோற்றார், ஒன்றில் முழுதாக வென்றார், ஒன்றில் வென்றும் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான், ஒரு மக்கள் பிரதிநிதிக்கு நம் சட்டம் எதைக் கொடுக்கிறது, எதை மறுக்கிறது என்பது விளங்கும். தனித்தனியாகத்தான் எல்லோரும் படிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவருடைய வாழ்க்கை பலருக்கும் தெரிந்ததுதான். 1922 டிசம்பர் 19 அன்று திருவாரூர் பக்கத்துக் காட்டூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ராமையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை முடித்து, 1944-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து 1957 வரை கற்பித்தார். அந்த ஆண்டுதான் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியது. சட்டமன்றத்துக்குள் நுழைந்த 15 பேரில் எழும்பூரில் வென்ற அன்பழகனும் ஒருவர். பின்னர் 1962 முதல் மேலவை உறுப்பினர், 1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை உறுப்பினர், 1971-ல் சுகாதாரத் துறை அமைச்சர், பிறகு கல்வி அமைச்சர், 2006-ல் நிதி அமைச்சர். 1977-லிருந்து இறக்கும்வரை கட்சியின் பொதுச்செயலாளர். இவ்வளவு பதவிகளைத் தாண்டியும் அவரைக் கட்சிக்காரர்களும் மாற்றுக் கட்சிக்காரர்களும் 'பேராசிரியர்' என்றே அழைத்தார்கள்.

ஆசிரியர் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போவதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது அரசமைப்பின் 191-ஆம் பிரிவு. அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத்தான் வேட்புமனு போட வேண்டும். அறக்கட்டளையோ தனியாரோ நடத்தும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தத் தடை நேராகப் பொருந்தாது. அஜ்மீர் தர்கா குழுவின் கீழ் இயங்கிய ஒரு மதரசாவின் நிர்வாகி மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, குழுவை நியமிப்பது மத்திய அரசு என்ற காரணத்தைக் காட்டி அவர் தேர்வைச் செல்லாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த ஆளை நியமிப்பது யார், நீக்குவது யார், சம்பளம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னது. விதியின் நோக்கம் நியாயமானது. அரசின் தயவில் பிழைப்பவர் அரசைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மாதச் சம்பளத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியர், தோற்றால் திரும்பிப் போக வேலை இல்லை என்று தெரிந்துதான் தேர்தலில் நிற்க முடியும். நிலமோ தொழிலோ உள்ளவருக்கு அந்தப் பயம் கிடையாது. ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதிகள் வைத்திருந்த மேலவையையும் தமிழ்நாடு 1986 நவம்பர் 1 முதல் இழந்துவிட்டது.

அதே நவம்பரில்தான் பேராசிரியரின் பதவிக்கும் ஆபத்து வந்தது. மத்திய அரசின் புதிய கல்விக் கொள்கை, நவோதயா பள்ளிகள், அவற்றின் வழியாக இந்தி என்ற அச்சம் தமிழ்நாட்டில் மீண்டும் கிளம்பியிருந்தது. ஆட்சிமொழி பற்றிய 343-ஆம் பிரிவின் நகலைக் கொளுத்தும் போராட்டத்தைத் தி.மு.க. நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள்; கட்சித் தலைவர் கருணாநிதிக்கு 10 வாரக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. போராட்டத்தில் கலந்துகொண்ட 10 சட்டமன்ற உறுப்பினர்கள் பதவியை இழந்தார்கள், அன்பழகன் உட்பட. அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் பி.எச். பாண்டியன். அரசமைப்பைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள் அதன் பக்கத்தை எரித்தார்கள், ஆகவே அவையில் இருக்கத் தகுதியற்றவர்கள் என்பது அவர்கள்மீது சொல்லப்பட்ட காரணம்.

எரித்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். எனக்கு அதில் சங்கடம் உண்டு. ஆனால் வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓர் உறுப்பினர் எந்தெந்தக் காரணங்களால் பதவி இழப்பார் என்று அரசமைப்பின் 190, 191-ஆம் பிரிவுகள் பட்டியலிட்டிருக்கின்றன. ராஜினாமா, 60 நாள் வராமல் இருப்பது, திவாலாவது, வேறு நாட்டுக் குடியுரிமை, இப்படிப் போகிறது பட்டியல். 'மற்ற உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போட்டால்' என்று அதில் எங்கும் இல்லை. பிரிட்டிஷ் மக்கள் அவைக்கு இருந்த சிறப்புரிமைகள் நம் அவைகளுக்கும் உண்டு என்று 194-ஆம் பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு, உறுப்பினரை நீக்குவதும் அந்தச் சிறப்புரிமையில் அடங்கும் என்று வாதிடுவார்கள். ஹரியானா சட்டமன்றத்திலிருந்து நீக்கப்பட்ட ஹர்த்வாரி லால் வழக்கில், பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1977-ல் இந்த வாதத்தை நிராகரித்தது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே ஏற்றிருந்தது. அன்பழகன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்தின் பக்கமே நின்றது. அவைக்கு நீக்கும் அதிகாரம் உண்டு என்றாகிவிட்டது.

அன்று ஜூனியராக இருந்த எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை, இன்றும் இல்லை. வாக்காளர் அனுப்பியவரை, அவரிடம் தேர்தலில் தோற்ற கட்சியின் பெரும்பான்மை வெளியே அனுப்புகிறது. அந்தத் தீர்மானத்தில் கை தூக்குகிறவர்களே புகார்தாரர், அவர்களே நீதிபதி. கீழ்க்கோர்ட்டில் ஒரு சில்லறைத் திருட்டு வழக்கில்கூட இப்படி நடக்க நாம் விடமாட்டோம். கேள்விக்குப் பணம் வாங்கியதாக 2005-ல் நீக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2007-ல் பெரும்பான்மைத் தீர்ப்பால் நாடாளுமன்றத்தின் நீக்கும் அதிகாரத்தை உறுதி செய்தது. நீதிபதி ரவீந்திரன் மட்டும் மாறுபட்டு எழுதினார். அந்த மாறுபட்ட தீர்ப்பைத்தான் நான் என் ஜூனியர்களிடம் படிக்கக் கொடுக்கிறேன். இருந்தாலும் சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அவை நீக்கினால் இடம்தான் காலியாகும், தகுதி போகாது. அடுத்த தேர்தலிலேயே நிற்கலாம். 1989 ஜனவரியில் அண்ணா நகர் வாக்காளர்கள் அன்பழகனைத் திருப்பி அனுப்பினார்கள். கல்விப் பிரச்சினையில் வெளியேற்றப்பட்டவர் கல்வி அமைச்சராக அதே அவைக்குள் நுழைந்தார்.

இப்போது 2003-க்கு வருகிறேன். 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாமீதும் மற்ற மூவர்மீதும் வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக வழக்கு. குற்றப்பத்திரிகை சொன்ன தொகை ரூ.66.65 கோடி. 1997-ல் குற்றச்சாட்டு வனையப்பட்டு, சென்னைத் தனி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 2000 ஆகஸ்ட் முடிவதற்குள் அரசுத் தரப்பில் 250 சாட்சிகள் விசாரிக்கப்பட்டுவிட்டார்கள். மிச்சம் 10 பேர்தான். 2001 மே மாதம் ஆட்சி மாறியது, வழக்கை நடத்திவந்த அரசு வழக்கறிஞர்கள் விலகினார்கள், புதியவர்கள் வந்தார்கள். அதன் பிறகு 76 சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்.

சாட்சி மாறிப் பேசுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. பயம், பணம், பக்கத்து வீட்டு உறவு, எதற்காகவும் மாறுவார்கள். அப்போது அரசு வழக்கறிஞர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உடனே எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாகக் கருதி நானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு பழைய வாக்குமூலத்தைக் கையில் எடுத்து, தேதியைச் சொல்லி, "இதே கூண்டில் நின்று இதைச் சொன்னது நீங்கள்தானே? கீழே இருப்பது உங்கள் கையெழுத்துதானே? இடையில் என்ன நடந்தது?" என்று வரிவரியாகக் கேட்க வேண்டும். திறமையான அரசு வழக்கறிஞர் கேட்டால், பொய் சொல்ல வந்த சாட்சி கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வழக்கில் அந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை. சாட்சிகளை மறுபடி அழைக்க எதிர்த்தரப்பு மனு போட்டபோது அரசுத் தரப்பில் ஆட்சேபம் இல்லை. மாறிப் பேசியபோதும் மறுவிசாரணை இல்லை. சாட்சியங்களைப் பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவரையே நீதிபதி நேரில் கேள்வி கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அதற்கு நேரில் வர இயலாது என்று கேட்டதற்கும் ஆட்சேபம் இல்லாமல் போக, கேள்விகள் வீட்டுக்கே அனுப்பப்பட்டுப் பதில் வாங்கப்பட்டது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சட்டத்தில் இடம் இருப்பதுபோலத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால், அரசு தன் வழக்கைத் தானே கைவிட்டுக்கொண்டிருந்தது.

இதை யார் எடுத்துச் சொல்வது? ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குற்ற வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுப்பது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406-ஆம் பிரிவு. அதன்படி மனு போடக்கூடியவர்கள் இரண்டே வகை: இந்தியாவின் அட்டர்னி ஜெனரல், அல்லது வழக்கில் அக்கறையுள்ள தரப்பினர். வீண் மனு என்று தெரிந்தால் எதிர்த்தரப்புக்கு ரூ.1,000 வரை கொடுக்கச் சொல்லலாம் என்றும் அதே பிரிவில் உண்டு. அட்டர்னி ஜெனரல் அசையவில்லை. தமிழ்நாடு அரசு கேட்கப்போவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சென்னையே வசதி. மிச்சம் இருந்தது எதிர்க்கட்சித் தலைவர்தான். அவர் வழக்கில் சாட்சியும் இல்லை, புகார்தாரரும் இல்லை. இது அரசியல் நோக்கத்தோடு போட்ட மனு, இவருக்கு இதில் என்ன உரிமை என்ற ஆட்சேபம் கடுமையாகவே வைக்கப்பட்டது.

அந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை, அதை மறைத்துப் பேசக் கூடாது. வழக்குப் பதிவானதும் குற்றப்பத்திரிகை தாக்கலானதும் தி.மு.க. ஆட்சியில், அந்த அமைச்சரவையில் அன்பழகன் கல்வி அமைச்சர். ஜெயலலிதா தண்டிக்கப்பட்டால் தேர்தலில் லாபம் யாருக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனுதாரரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அவர் சொல்வது உண்மையா என்பது இன்னொரு கேள்வி. 64 சாட்சிகள் மாறிப் பேசியதும், அரசு வழக்கறிஞர் உட்கார்ந்தே இருந்ததும் நீதிமன்றக் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தன. அதைச் சுட்டிக்காட்டியவர் நண்பரா எதிரியா என்பதால் பதிவு மாறிவிடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கைச் சட்டமன்றத்தில் விவாதிக்கக் கூடாது என்பது அவை விதி. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து இந்த விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் பேரவைத் தலைவர் நிறுத்திவிடலாம், அது முறையும்கூட. அவையில் பேச முடியாது, நீதிமன்றத்திலும் உரிமை இல்லை என்றால், வாக்காளர்கள் அவரை எதற்காக அந்த இருக்கையில் உட்காரவைத்தார்கள்?

2003 நவம்பர் 18 அன்று நீதிபதிகள் வரியவா, சேமா அமர்வு தீர்ப்பளித்தது. மக்களாட்சியில் ஆளுங்கட்சியைக் கண்காணிப்பது எதிர்க்கட்சியின் கடமை, அது அவைக்குள்ளோடு முடிந்துவிடுவதில்லை, மாநிலத்தில் நீதி எப்படி வழங்கப்படுகிறது என்பதில் அரசியல் எதிராளிக்கும் நேரடி அக்கறை உண்டு, ஆகவே இந்த மனுதாரர் கேட்கலாம் என்றது தீர்ப்பு. நீதியின் போக்கு திசைதிருப்பப்படுவதற்கு வலுவான அறிகுறிகள் இருப்பதாகவும் பதிவு செய்தது. வழக்கு பெங்களூருக்குப் போனது. கர்நாடக அரசு அந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும், அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞரை அரசு வழக்கறிஞராக நியமிக்க வேண்டும், மாறிப் பேசிய சாட்சிகளை மறுபடி அழைக்க வழி இருக்க வேண்டும், அன்றாடம் விசாரணை நடக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு தெளிவாக இருந்தது. தீர்ப்பு நகல் வந்த நாளில் எங்கள் சங்க அறையில் கட்சி வேறுபாடு இல்லாமல் அதைப் பற்றித்தான் பேச்சு. அ.தி.மு.க. அனுதாபியான என் மூத்த நண்பர் ஒருவர் முழுவதையும் படித்து முடித்து, "நாளைக்கு நாங்க எதிர்க்கட்சி ஆனா இது எங்களுக்கும் உதவும்ப்பா" என்றார். விதி சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இடமாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது, அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர்கள். ஆவணங்களும் வாக்குமூலங்களும் தமிழில் இருந்தன. பெங்களூர் நீதிமன்றத்துக்காக அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. அதில் மட்டும் எவ்வளவோ காலம் போயிற்று. அரசுத் தரப்புச் சாட்சிகள் 259 பேர், எதிர்த்தரப்புச் சாட்சிகள் 99 பேர். பத்திரப்பதிவு அலுவலகத்து எழுத்தர், கட்டடத்தை அளந்த பொறியாளர், வங்கி ஊழியர் என்று இத்தகைய வழக்குகளில் சாட்சியாக வருகிறவர்கள் சொந்த விருப்பத்தில் வருவதில்லை. சம்மன் வந்தால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். போன இடத்தில் வாய்தா என்றால் திரும்பி வந்து இன்னொரு முறை போக வேண்டும். அன்றாடம் விசாரணை என்று 2003-ல் உத்தரவான வழக்கில் தீர்ப்பு வந்தது 2014-ல். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் அந்த 11 ஆண்டுகள் தலைக்கு மேல் தொங்கியவைதான். ஆனால் சென்னையில் வீட்டுக்குப் போன கேள்வித்தாள், பெங்களூரில் மாறியது. 2011-ல் முதலமைச்சராக இருந்தபோதே ஜெயலலிதா அங்கே நேரில் வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு நீதிபதி முன் பதில் சொன்னார். சட்டத்தின் முன் சமம் என்று மேடையில் பேசுகிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நால்வரையும் குற்றவாளிகள் என்றார். ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறை, ரூ.100 கோடி அபராதம். மேல்முறையீடு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேதான் மறுபடி பழைய கோளாறு தலைகாட்டியது. மேல்முறையீட்டில் அரசுத் தரப்பில் வாதிட பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாட்டு அரசுத் தரப்பு. எந்த மாநிலத்தின் செல்வாக்கிலிருந்து வழக்கு வெளியே எடுக்கப்பட்டதோ, அதே மாநிலம் அரசு வழக்கறிஞரை அனுப்புகிறது. இதை எதிர்த்து மறுபடி வழக்குப் போட்டவர் அன்பழகன். அப்போது அவருக்கு வயது 92.

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஏப்ரல் 15 அன்று இரு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நியமனம் செல்லாது, மேல்முறையீட்டையே புதிதாக விசாரிக்க வேண்டும் என்றார் நீதிபதி லோக்கூர். செல்லும் என்றார் நீதிபதி பானுமதி. மூன்று நீதிபதிகள் அமர்வு ஏப்ரல் 27 அன்று முடிவு சொன்னது. நியமனம் செல்லாது, தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரமே கிடையாது, கர்நாடகம்தான் நியமிக்க வேண்டும். ஆனால் மறுவிசாரணை தேவையில்லை. அன்பழகனும் கர்நாடக அரசும் எழுத்துப்பூர்வமான வாதத்தை மறுநாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் கொடுக்கலாம், நீதிபதி அதைப் படித்து முடிவெடுக்கட்டும் என்றது.

சட்டப் புள்ளியில் முழு வெற்றி. கையில் கிடைத்தது ஒரே ஒரு நாள். விசாரணை முழுவதும் உரிமையில்லாத ஒருவர் அரசுக்காகப் பேசியிருக்கிறார் என்று முடிவு செய்த பிறகு, அந்த விசாரணையை அப்படியே வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வாய்மொழி வாதம் என்பது வெறும் பேச்சு அல்ல. நீதிபதி ஒரு கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அவர் கேட்கும் கேள்வியிலேயே அது தெரிந்துவிடும். எதிரே நிற்பவர் அந்த நொடியிலேயே திருத்தலாம். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த வாய்ப்பு இல்லை. நீதிபதி குமாரசாமி மே 11 அன்று நால்வரையும் விடுதலை செய்தார். அந்தத் தீர்ப்பில் பத்துக் கடன் தொகைகளைக் கூட்டியதில் ரூ.10.67 கோடி என்று வரவேண்டியது ரூ.24.17 கோடி என்று வந்திருந்தது. வருமானத்துக்கு மேல் மிஞ்சிய சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள் அடங்குகிறது என்று விடுதலை கொடுத்த கணக்கு அந்தக் கூட்டலின் மேல் நின்றது. முறையாக நியமிக்கப்பட்ட அரசு வழக்கறிஞர் ஒருவர் விசாரணை நாட்களில் எதிரே நின்றிருந்தால் அந்தக் கூட்டல் அப்படியே தாண்டிப் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கர்நாடக அரசு மேல்முறையீடு செய்தது, அன்பழகனும் செய்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து மற்ற மூவரின் தண்டனையை மீட்டது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்திருந்தார். ஆகவே அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது. இறந்தவர் பதில் சொல்ல முடியாது என்பதால் சட்டம் அங்கே நின்றுவிடுகிறது, அது சரியான விதி. ஆனால் 1996-ல் தொடங்கிய ஒரு வழக்கில் முதல் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்ற கடைசிச் சொல், அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ, அவர் உயிரோடு கேட்கும்படி சொல்லப்படவில்லை. அது அவருக்கும் அநியாயம், அவரை நம்பியவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் அநியாயம். பேராசிரியர் 2020 மார்ச் 7 அன்று 97 வயதில் இறந்தார்.

இன்று நடைமுறைச் சட்டம் மாறிவிட்டது. 406 போய்ப் புதிய சட்டத்தில் 446 வந்திருக்கிறது. வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றக் கேட்கும் மனுக்களில் 2003 தீர்ப்பு இன்னும் மேற்கோளாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி மனு தயாரிக்க என்னிடம் வரும் இளையவர்களுக்கு, கோரிக்கைப் பத்தியை மட்டும் நான் என் கையால் திருத்திக் கொடுப்பேன். விசாரணைக்கு அரசு வழக்கறிஞரை எந்த மாநிலம் நியமிக்கும் என்பதைச் சொன்ன 2003 உத்தரவு, மேல்முறையீட்டுக்கு யார் நியமிப்பது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தது. 2015-ன் குழப்பம் அத்தனையும் அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைந்தது. ஆகவே 'விசாரணைக்கும், அதிலிருந்து எழும் எல்லா மேல்முறையீடுகளுக்கும்' என்று சேர்த்து எழுதச் சொல்கிறேன்.